அட்டை ஆஸ்தி ஆகாது

“கார்டு வாங்கிப் போடு, பேக்கைப் பிரிக்காதே, பத்து வருஷம் பொறு. தங்கம் தராத லாபத்தை இது தரும்.” பெருநகரங்களில் கிளம்பிய இந்தப் பேச்சு கைப்பேசித் திரை வழியாக மலையேறிக் குமுளிக்கும் நெடுங்கண்டத்துக்கும் வந்துவிட்டது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் வந்துவிட்டது. போக்கிமான், மேஜிக், யூகியோ, கிரிக்கெட், மல்யுத்தம் என்று எந்த அட்டையானாலும் சரி, அதை வைத்து விளையாடுகிறவன் விவரமில்லாதவன், உறை பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைக்கிறவன் கெட்டிக்காரன் என்று பலரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். இந்த நம்பிக்கை தவறு. அட்டை நல்ல விளையாட்டு. அதைச் சேகரிப்பது நல்ல பொழுதுபோக்கு. கடை வைத்து விற்பது மரியாதையான பிழைப்பு. ஆனால் அது சேமிப்பும் ஆகாது, சொத்தும் ஆகாது. ஆகும் என்று பிள்ளைகளை நம்ப வைப்பது அவர்கள் பணத்துக்கும் கேடு, அந்த விளையாட்டுக்கும் கேடு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுவோம். அவர்கள் கையில் கண்ணைப் பறிக்கும் சான்றுகள் இருக்கின்றன. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேண்டில் பேஸ்பால் அட்டை 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. நம் பணத்தில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய். அதே மாதம், 1909-க்கும் 1911-க்கும் இடையே சிகரெட் பெட்டியோடு வந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஜப்பானில் படம் வரையும் போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசாகத் தரப்பட்ட பிக்காச்சு அட்டை ஒன்றை யூடியூபர் லோகன் பால் 2021-இல் 52.75 லட்சம் டாலருக்கு வாங்கினார். இவை நடந்த விற்பனைகள், கட்டுக்கதைகள் இல்லை.

இதற்கு மேல் அவர்கள் நான்கு காரணங்கள் சொல்கிறார்கள். பழைய அட்டை மறுபடி அச்சாகாது, அதனால் வரத்து குறையக் குறைய விலை ஏறும். அட்டையின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனங்கள் வந்துவிட்டதால் இனி ஏமாற்ற முடியாது. பேக் வாங்கினால் ஏதாவது அட்டை நிச்சயம் வரும், அதனால் இது சூதும் இல்லை. கடைசியாக, தோட்ட வேலையைத் தவிர வேறு வழியில்லாத எல்லையோர இளைஞனுக்கு முதல் குறைந்த தொழில் இது, பிள்ளைகளுக்கோ வியாபாரப் பயிற்சி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. உச்ச விலை வேறு, சந்தை விலை வேறு

ஏலத்தில் விலை எப்படி விழும் என்று இடுக்கி மக்களுக்கு யார் வந்து பாடம் எடுக்க வேண்டும்? வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. மலைக்கு அந்தப்புறம் போடிநாயக்கனூரில் இன்னொன்று. ஏலக்காய் விற்று முடிந்ததும் உச்ச விலை, சராசரி விலை என்று இரண்டு எண்கள் வெளியாகும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரெல்லாம் பேசியது அந்த எண்ணைத்தான். ஆனால் விவசாயி வீட்டு அடுப்பு எரிந்தது சராசரி விலையில். அது உச்சத்துக்கு வெகு கீழே இருந்தது. 2022 தொடக்கத்தில் அந்தச் சராசரியும் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்கியது. உச்ச விலையை மனதில் வைத்துக் கடன் வாங்கியவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த மலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அட்டைக்கு அப்படி உச்சத்தையும் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வாரியம் நம் நாட்டில் இல்லை. கிடைப்பதெல்லாம் உச்ச விலைச் செய்தி. மேண்டில் அட்டை 100 கோடிக்குப் போனது தெரிகிறது. அதே 1952-ஆம் ஆண்டுத் தொகுப்பின் மற்ற நூற்றுக்கணக்கான அட்டைகள் என்ன விலைக்குப் போயின என்று யாரும் சொல்வதில்லை.

அந்த ஒரு அட்டை ஏன் அந்த விலைக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். 1952-இல் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்த கடைசித் தொகுதியில் இருந்தது அது. விற்காமல் தேங்கியது. 1960 வாக்கில் மீந்த பெட்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தத் தொகுப்பை உருவாக்கிய சை பெர்கரே பின்னாளில் சொன்னார். வீடுகளில் இருந்ததைத் தாய்மார்கள் குப்பையில் போட்டார்கள். பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகிக் கிழித்தார்கள். யாரும் அதைச் சொத்து என்று நினைக்காததால்தான் இன்று அது அரிதாகி நிற்கிறது. இன்றைக்கு அச்சாகும் அட்டையை லட்சக்கணக்கானவர்கள் வாங்கிய அன்றே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். எல்லோரும் பாதுகாத்து வைக்கும் பொருள் எப்படி அரிதாகும்? பழைய அட்டையின் விலையைக் காட்டிப் புதிய அட்டையை விற்கும் வாதம் இங்கேயே உடைந்துபோகிறது.

2. அருமையை உண்டாக்கும் அச்சகமே அதை அழிக்கவும் செய்யும்

நிலம் வளராது, அட்டை வளரும். அச்சகத்தில் இன்னொரு வேளை இயந்திரம் ஓடினால் போதும். 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் இதே முதலீட்டுப் பேச்சு பேஸ்பால் அட்டையைச் சுற்றி எழுந்தது. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோர் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். வாங்க ஆளிருப்பதைப் பார்த்த நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சடித்தன. 1990-களில் சந்தை சரிந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அன்றைய விலையை ஒட்டியே கிடைக்கின்றன. இடையில் விலைவாசி எத்தனை மடங்கு ஏறிவிட்டது என்று கணக்குப் போட்டால், பூட்டி வைத்தவர் எவ்வளவு இழந்தார் என்பது புரியும்.

“அது அந்தக் காலம், இப்போது நிறுவனங்கள் கவனமாக இருக்கின்றன” என்று பதில் வரும். போக்கிமான் நிறுவனம் 2023-24 நிதியாண்டில் மட்டும் 1,190 கோடி அட்டைகளை அச்சிட்டது. பூமியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தாலும் மீதி இருக்கும். மேஜிக் அட்டையின் கதை இன்னும் தெளிவு. 1995-இல் பழைய அட்டைகளை மறுபதிப்புச் செய்து ‘குரோனிகிள்ஸ்’ என்ற தொகுப்பு வந்ததும் சேகரிப்பவர்கள் கொதித்தார்கள். 1996-இல், இனி மறுபதிப்புச் செய்ய மாட்டோம் என்று குறிப்பிட்ட அட்டைகளுக்கு ஒரு பட்டியலே போட்டுத் தந்தது நிறுவனம். 2022-இல் முப்பதாம் ஆண்டுக் கொண்டாட்டம் என்று சொல்லி, அந்தப் பட்டியலில் இருந்த புகழ்பெற்ற அட்டைகளையும் சேர்த்து, போட்டிகளில் ஆட முடியாத நகல்களாக, நான்கு பேக் 999 டாலர் என்று விற்றது. அதே ஆண்டு நவம்பரில், அளவுக்கு மீறி அச்சடித்துத் தன் சரக்கின் மதிப்பைத் தானே கெடுக்கிறது என்று சொல்லி, மேஜிக்கின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோவின் பங்கு மதிப்பீட்டைப் பேங்க் ஆஃப் அமெரிக்கா குறைத்தது. பங்குச் சந்தைக்காரர்களே எச்சரித்த சரக்கை நம் பிள்ளைகளிடம் முதலீடு என்று தள்ளுகிறார்கள்.

காகிதமே வேண்டாம் என்று டிஜிட்டல் அட்டைக்குப் போனவர்களும் உண்டு. 2022 ஏப்ரலில், கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் அட்டைகளை விற்ற ராரியோ நிறுவனம் 12 கோடி டாலர் முதலீடு திரட்டியது. அதே மாதம் முதல் இத்தகைய டிஜிட்டல் சொத்துகளின் லாபத்துக்கு நம் அரசு 30 சதவீத வரி விதித்தது. கொஞ்ச காலத்திலேயே உலகம் முழுவதும் அந்த மோகம் அடங்கியது.

இடுக்கி இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2003 வாக்கில் பச்சை வெனிலா கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியபோது, வேறு பயிரை ஒதுக்கிவிட்டு வெனிலாக் கொடி நட்டார்கள், இரவில் கண்விழித்துத் தோட்டத்தைக் காத்தார்கள். எல்லோரும் நட்டார்கள், வரத்து குவிந்தது, சில ஆண்டுகளில் நூறு ரூபாய்க்குக் கேட்கவும் ஆளில்லை. வெனிலாவாவது பாயசத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஆகும். விலை விழுந்த, விளையாடவும் யாரும் எடுக்காத அட்டை எதற்கு ஆகும்?

3. சான்றிதழ் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை, செலவைத்தான் கூட்டுகிறது

தரச்சான்று என்றதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். அட்டையின் நான்கு மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பலகைக்குள் மூடித் தருவதுதான் கிரேடிங். இந்தத் துறையில் முன்னணியில் இருக்கும் பிஎஸ்ஏ நிறுவனம் 1991-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அது முதல் எண் கொடுத்துச் சான்றளித்தது ஒரு ஹோனஸ் வாக்னர் அட்டைக்கு. மதிப்பெண் 8. அந்த அட்டையின் விளிம்பை வெட்டிச் சீர்செய்து நல்லதாகக் காட்டியது தான்தான் என்று, அதை ஒரு காலத்தில் வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். இந்தத் தொழிலின் முதல் சான்றிதழே வெட்டிய அட்டைக்குப் போயிருக்கிறது.

நல்ல நம்பிக்கையோடு வேலை செய்யும் நிறுவனமாகவே இருக்கட்டும். நெடுங்கண்டத்தில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? ஒவ்வோர் அட்டைக்கும் டாலரில் கட்டணம். போகவர கூரியர், காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கக் கேள்வி, மாதக்கணக்கில் காத்திருப்பு. 2021 மார்ச்சில் மலைபோல் குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளை நிறுத்தியே வைத்தது. 2,000 ரூபாய் பெறும் அட்டைக்குச் சான்று வாங்க 3,000 ரூபாய் செலவழிப்பது எந்த ஊர்க் கணக்கு? மதிப்பெண் 10 வந்தால் லாபம் என்பார்கள். ஒரே அட்டையை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினால் வேறு மதிப்பெண் வருவதும் உண்டு என்பது சேகரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம்மூருக்கு வேண்டிய சோதனை இதைவிட எளியது. திருவிழாக் கடைகளிலும் பேன்சி ஸ்டோர்களிலும் தங்க முலாம் பூசிய போக்கிமான் அட்டைகள் ஒரு பெட்டியில் 55 என்று நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அத்தனையும் போலி. அசல் காகித அட்டையின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: இரண்டு தாள்களுக்கு நடுவே மெல்லிய கறுத்த கோடு ஓடும். போலியில் அது இருக்காது. கைப்பேசி விளக்கைப் பின்னால் வைத்தால் போலியில் வெளிச்சம் எளிதாக ஊடுருவும், எழுத்தின் தடிமனும் மாறியிருக்கும். விளையாட மட்டும் வாங்கிய பிள்ளைக்கு இந்தப் போலியால் நூறு ரூபாய் நட்டம், அவ்வளவுதான். முதலீடு என்று இரண்டாம் கையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவருக்கு இதே ஏமாற்று பெரிய இழப்பு. சேமிப்பு என்று சொல்லப்படும் ஒரு பொருளை வீட்டுத் திண்ணையிலேயே போலியாகச் செய்துவிடலாம் என்றால், அதை நம்பிப் பணத்தைப் போடுவது எப்படி?

4. வாங்க ஆயிரம் இடம், விற்க எந்த இடம்?

அவசரத்துக்குக் காசாகாத பொருளைச் சேமிப்பு என்று அழைக்கக் கூடாது. கட்டப்பனையிலோ சித்தூரிலோ இரண்டு பவுன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் அடகுப் பணம் கைக்கு வரும். உறை பிரிக்காத அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் எந்த வங்கி வாங்கும், எந்த அடகுக் கடை வாங்கும்? அதை விற்கக் கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், இல்லாவிட்டால் முகம் தெரியாதவரோடு வாட்ஸ்அப் குழுவில் பேரம் பேச வேண்டும். கடைக்காரர் வாங்கினாலும் தான் விற்கப்போகும் விலைக்கு வாங்க மாட்டார். அவர் வாடகை கட்ட வேண்டும். ஆகவே வாங்கிய கணமே ஒரு பகுதி இழப்பு உறுதி.

பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு. அஞ்சலகத்தில் தொடங்கும் பிபிஎஃப் கணக்கில் 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதம். அந்த வட்டியில் பத்தாண்டில் பணம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அஞ்சலகத்துக்கு இணையாக நிற்கவே, 10,000 ரூபாய்க்கு வாங்கிய அட்டைப் பெட்டி கூரியர், கமிஷன், சேதாரம் எல்லாம் போக 20,000 ரூபாயைக் கையில் தர வேண்டும். பத்து மடங்கு ஏறிய ஒரு பெட்டியைப் பற்றிப் பேசும் யாரும் இந்த அடிப்படைக் கணக்கைச் சொல்வதில்லை.

அட்டை சும்மாவும் இருக்காது. பளபளக்கும் ஃபாயில் அட்டையில் ஒரு பக்கம் ஈரம் புகாத படலம், மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சும் காகிதம். ஜூன் பிறந்து பீர்மேட்டிலும் மூணாறிலும் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். காகிதப் பக்கம் ஊதும், படலம் அசையாது, அட்டை படத்தின் பக்கமாக வளையும். பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் கீழைக்காற்று வறட்டி எடுக்கும்போது காகிதம் சுருங்கி, அதே அட்டை எதிர்ப்பக்கமாக வளையும். வளைந்த அட்டைக்கு நல்ல விலை கிடைப்பது கடினம். சிலிக்கா பொட்டலம், காற்றுப்புகாத டப்பா, ஈரம் அளக்கும் கருவி என்று வாங்கி வைத்து நாள்தோறும் கவனிக்க வேண்டும். லயத்து வீட்டின் ஒற்றை அறையில் பத்தாண்டு இதைச் செய்ய யாரால் முடியும்? இந்த யோசனையைச் சொல்பவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். நம் மழையும் நம் காற்றும் அவர்கள் கணக்கில் இல்லை.

5. ஏதாவது கிடைத்துவிடும் என்பதால் குலுக்கல் குலுக்கலாக இல்லாமல் போகாது

சூது என்ற குற்றச்சாட்டை எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடுகிறது: பேக் எதுவும் காலியாக இருக்காது. சட்டமும் பெரும்பாலும் அவர்கள் பக்கம். அரிய அட்டையைக் காட்டிச் சூதாட வைக்கிறார்கள் என்று அமெரிக்காவில் அட்டை நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்குகளை 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தள்ளுபடி செய்தது. காசு கொடுத்தவர் தனக்குச் சொல்லப்பட்டதைப் பெற்றுவிட்டார்: சில அட்டைகளும், அரிய அட்டை வரலாம் என்ற வாய்ப்பும். அரிய அட்டை வராதது ஏமாற்றம்தான், சட்டம் ஏற்கும் நட்டம் இல்லை என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். பேக் ஒரு விளையாட்டுச் சாமான் என்று வைத்தால்தான் அந்த வாதம் நிற்கும். விளையாட வாங்கினாய், அட்டை வந்தது, விளையாடு, கணக்கு முடிந்தது. அதே பேக்கை முதலீடு என்று சொன்ன மறுகணம் நிலைமை மாறுகிறது. 400 ரூபாய் போட்டவர் 40 ரூபாய்ச் சரக்கோடு எழுந்தால் அது நட்டம். அந்த நட்டத்தைத் தீர்மானிப்பது தற்செயல். தற்செயலில் பணம் போட்டுப் பணம் எதிர்பார்ப்பதற்கு நம் மொழியில் இருக்கும் பெயர் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு என்றும் சொல்லித் தப்பிப்பேன், முதலீடு என்றும் சொல்லி விற்பேன் என்றால் இரண்டில் ஒன்று பொய்.

எல்லையில் வாழும் நமக்குக் குலுக்கல் என்னவென்று தெரியும். 1967-இல் கேரள அரசு லாட்டரி தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி விற்பனை தடைசெய்யப்பட்டது. அன்று முதல் வாளையாரிலும் கோபாலபுரத்திலும் குமுளியிலும் சீட்டு வாங்க எல்லை தாண்டி வருகிறார்கள். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு விழுந்த சீட்டு வாளையாரில் திருப்பூர்க்காரர்கள் வாங்கியது. அந்தச் சீட்டையும் முதலீடு என்று யாரும் சொல்வதில்லை. சீட்டின் பின்புறம் எந்தப் பரிசுக்கு எவ்வளவு தொகை என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த அரிய அட்டை எத்தனை பேக்குக்கு ஒன்று வரும் என்று போக்கிமான் நிறுவனம் பேக்கில் அச்சிடுவதில்லை. வெளிப்படையான குலுக்கலைக் குலுக்கல் என்று அழைத்துவிட்டு, கணக்கு மறைத்த குலுக்கலைச் சேமிப்பு என்று அழைப்பது எந்த நியாயம்?

இன்னும் ஒரு கேள்வி மீதி. பேக்கைப் பிரித்து உதிரியாக விற்றால் லாபம் என்றால், கடைக்காரரே பிரித்து விற்றிருப்பாரே, உங்களுக்கு ஏன் பிரிக்காமல் தருகிறார்? பூட்டி வைத்தால் பத்து மடங்கு என்றால், மொத்த வியாபாரி தன் கிடங்கிலேயே பூட்டி வைத்திருப்பாரே, இன்றைக்கே ஏன் விற்றுத் தள்ளுகிறார்? சரக்கை நன்றாக அறிந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் காசாக்குகிறார்கள். அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் அதுதான்.

6. பதுக்கல் பழக்கத்தைத் தொழிற்பயிற்சி என்று சொல்லாதீர்கள்

பிள்ளைகள் வியாபாரம் கற்கிறார்கள் என்பது கேட்க இனிக்கும் வாதம். என்ன கற்கிறார்கள்? விடிகாலையில் கடை வாசலில் நின்று மொத்தத்தையும் அள்ளி, ஒன்றுக்கு இரண்டாக விற்பதைக் கற்கிறார்கள். 2021 மே மாதம், அட்டைக்காக நடந்த சண்டைகளால் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் கொஞ்ச காலம் போக்கிமான், விளையாட்டு வீரர் அட்டைகளைக் கடையில் விற்பதையே நிறுத்தின. ஆசைப்பட்டு வந்த குழந்தைக்கு ஒரு பேக்கும் மிஞ்சாதபடி செய்த அதே செயலைச் சாமர்த்தியம் என்று பாராட்டும் பேச்சுதான் இங்கேயும் வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் விலை தெரியாத அட்டையைப் பத்து ரூபாய்க்குத் தட்டிவிட்டு ஐந்நூறுக்கு விற்றதைப் பெருமையாகச் சொல்கிறவனுக்கு நாம் எதைக் கற்றுக்கொடுத்தோம்?

அட்டை உண்மையில் கற்றுத்தருவதை ஆட்ட மேசையில் பாருங்கள். போக்கிமான் ஆட்டத்தில் ஒருவர் கட்டில் 60 அட்டை. அடிப்படை எனர்ஜி அட்டையைத் தவிர வேறு எதையும் ஒரே பெயரில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. ஆட்டம் தொடங்கும்போது கையில் 7, தனியே கவிழ்த்து வைத்த பரிசு அட்டை 6. தன் முக்கியமான அட்டை ஒன்றே ஒன்று இருந்தால், அது அந்த ஆறில் சிக்கிக்கொள்ள பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே கணக்குப் போடுகிறது. அதற்காக இரண்டாவது பிரதி சேர்த்தால் வேறு எதை எடுப்பது என்று யோசிக்கிறது. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் விதியைப் படித்துப் பொருள் கொள்கிறது, எதிரே இருப்பவர் மறுத்தால் வாதாடுகிறது, தோற்றால் கை குலுக்குகிறது. நிகழ்தகவும் வாசிப்பும் பண்பாடும் ஒரே மேசையில் நடக்கின்றன. இதற்கு ஐந்து ரூபாய் உதிரி அட்டையே போதும். பூட்டி வைத்த பெட்டி இதில் எதையும் தராது.

நம் ஊர்களில் இது புதிதும் இல்லை. தீப்பெட்டிப் படமும் சிகரெட் அட்டையும் சேர்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வட்டம் போட்டு அட்டையை நடுவில் வைத்துச் சில்லால் அடித்து வெளியே தள்ளினார்கள். சார்மினாருக்கு ஒரு மதிப்பு, கோல்டு பிளேக்குக்கு ஒரு மதிப்பு என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். அந்த மதிப்பு ஆட்டத்தில் பிறந்தது, ஆட்டம் இருந்தவரை இருந்தது.

தொழில் செய்ய விரும்பும் இளைஞனுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. உதிரி அட்டையை நியாய விலைக்கு வாங்கி விற்கலாம். உறை, டப்பா, விரிப்பு விற்கலாம். மேசை போட்டு நுழைவுக் கட்டணம் வாங்கிப் போட்டி நடத்தலாம். இவற்றில் உழைப்பு இருக்கிறது, வாடிக்கையாளருக்குப் பயன் இருக்கிறது, மாதம் பிறந்தால் கணக்கு இருக்கிறது. பெட்டியை வாங்கி அதன்மேல் உட்கார்ந்திருப்பதில் இவை ஒன்றுகூட இல்லை. விளையாடுகிறவர் குறைந்தால் அந்தக் கடையும் மூடும். அட்டையின் விலை கடைசியில் நிற்பது அதை யாரோ விரும்பி ஆடுகிறார்கள் என்பதன்மேல். ஆட்டக்காரனை விரட்டிவிட்டு அட்டையை மட்டும் காப்பாற்ற முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. பெற்றோரே, பிள்ளைக்குக் கார்டு வாங்கிக் கொடுங்கள். சினிமாவுக்கும் பந்துக்கும் செலவழிக்கும் அளவுக்கு வாங்கிக் கொடுங்கள், திரும்பி வராத பணம் என்று நினைத்தே வாங்கிக் கொடுங்கள். கல்லூரிக்கான பணம் அஞ்சலகத்தில் இருக்கட்டும். இளைஞர்களே, பேக்கில் அதிர்ஷ்டம் தேடாமல் வேண்டிய அட்டையை உதிரியாக வாங்குங்கள். கடன் வாங்கி ஒரு பெட்டியும் வாங்காதீர்கள்.

மூன்றாவது வேண்டுகோள் வாயனசாலைகள் எனப்படும் ஊர் நூலகங்களுக்கு. 1945-இல் 47 நூலகங்களை அம்பலப்புழையில் கூட்டி பி.என். பணிக்கர் தொடங்கி வைத்த இயக்கத்தால் கேரளத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாயனசாலை கிடைத்தது. கேரம் பலகைக்கும் சதுரங்கத்துக்கும் அங்கே இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மேசையை அட்டைக்கும் ஒதுக்குங்கள். யாரும் எடுத்து ஆடும்படி நான்கு கட்டுகளைப் பொதுவில் வையுங்கள். தமிழில் போக்கிமான் பார்த்து வளரும் எல்லையோரப் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளையோடு உட்கார்ந்து ஆடட்டும். காசு வைத்து ஆடக் கூடாது என்ற ஒரு விதி போதும்.

அட்டையைப் பிரியுங்கள், கலையுங்கள், ஆடுங்கள். பணத்தைச் சேர்க்க வேறு இடம் இருக்கிறது.